நுங்கைச் சுரண்டுவதா, தோலோடு எடுப்பதா: கல்லீரல் ஹைடாடிட் கட்டிக்கு எந்தச் சிகிச்சை?

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், அடுத்த தெருப் பெண் ஒருத்தி ஸ்கேன் கவரை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பல மாதமாக வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கல்லீரலில் 9 செ.மீ. அளவில் ஹைடாடிட் சிஸ்ட், அதாவது நாடாப்புழுவால் வரும் நீர்க்கட்டி. ஒரே வாரத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டார்கள். ஊசி வழியாக உறிஞ்சிவிடலாம் என்கிறார் ஒருவர். சின்ன ஓட்டைகள் போட்டு லேப்பராஸ்கோப்பியில் முடித்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். வயிற்றைத் திறந்து முழுசாக எடுப்பதுதான் சரி என்கிறார் மூன்றாமவர்.

"ஓட்டை போட்டே எடுத்துடலாம்னா எதுக்கு சிஸ்டர் வயித்தக் கிழிக்கணும்?" என்று கேட்டாள்.

சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் குடல், கல்லீரல் அறுவைசிகிச்சைப் பிரிவில் 23 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். ஆனால் ஓட்டையா, கீறலா என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கட்டி இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. பித்தக்குழாயோடு அதற்கு ஒட்டு உறவு இருக்கிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மூன்று டாக்டர்களும் ஏன் மூன்று விதமாகப் பேசினார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

முதலில் கட்டியைப் பற்றிக் கொஞ்சம். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்று ஒரு நாடாப்புழு. சில மில்லிமீட்டர் நீளம்தான், நாயின் குடலில் இருக்கும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணுக்கும் கீரைக்கும் தண்ணீருக்கும் போகின்றன. மேயும் ஆடு அதை விழுங்கினால் ஆட்டின் ஈரலில் கட்டி வளரும். அந்த ஈரலை நாய் தின்றால் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். நடுவில் நம் கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ முட்டை நம் வயிற்றுக்குள் போனால், ஆட்டுக்கு வருவது நமக்கு வருகிறது. பத்தில் ஏழு பேருக்குக் கல்லீரலில், இரண்டு பேருக்கு நுரையீரலில். "மட்டன் சாப்பிட்டதாலதான் வந்துச்சு" என்று வீட்டில் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கறி சாப்பிடுவதால் இது வராது. சுத்த சைவக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கும் நாங்கள் ஆப்பரேஷன் செய்திருக்கிறோம்.

கட்டி வருடக்கணக்கில் மெதுவாக வளர்வது. அதனால் காய்ச்சல், மஞ்சள் காமாலை, திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, உடம்பெல்லாம் தடிப்பு, இவை இல்லாதவரைக்கும் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்ற அவசரம் கிடையாது. "நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்று யாராவது விரட்டினால் காரணம் கேளுங்கள். யோசிக்க அவகாசம் உள்ள நோய் இது.

இனி அமைப்பு. இதை அந்தப் பெண்ணுக்கு நுங்கை வைத்துத்தான் சொன்னேன். பனங்காயின் தடித்த மட்டைதான் கல்லீரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுங்கின் பழுப்புத் தோல். தோலுக்குள் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று சதை, சதைக்குள் தண்ணீர். ஹைடாடிட் கட்டியும் இப்படித்தான். வெளித் தோல் நம் உடம்பே புழுவைச் சுற்றிக் கட்டிய சுவர். உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வு புழுவுடையது, பார்ப்பதற்கும் உரித்த நுங்கு போலவே இருக்கும். உள்ளே இருக்கும் தெளிந்த நீரில் புழுவின் குஞ்சுத் தலைகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். நுங்கை விரல் விட்டு நோண்டும்போது தண்ணீர் சட்டையில் தெறிக்கும் அல்லவா? அதே மாதிரி இந்த நீர் வயிற்றுக்குள் தெறித்தால் ஒவ்வொரு துளியிலிருந்தும் புதுக் கட்டி கிளம்பலாம். அதோடு அந்த நீர் ரத்தத்தில் கலந்தால் கடுமையான அலர்ஜி வந்து, சில நிமிடங்களில் பி.பி. விழுந்துவிடும். இந்தச் சிகிச்சையில் உள்ள எல்லா வாதங்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன: சிந்தாமல் எப்படி எடுப்பது, எடுத்த பிறகு மிஞ்சும் குழியை என்ன செய்வது.

பருவத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தே பிரித்துவிடலாம். துனிசியாவைச் சேர்ந்த கார்பி 1981-இல் ஒரு வகைப்பாட்டைத் தந்தார். இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த சி.இ. 1 முதல் சி.இ. 5 வரையிலான கணக்குதான் நடைமுறையில் இருக்கிறது. ஒரே அறையாகத் தெளிந்த நீர் இருந்தால் 1. உள்ளே தேன்கூடு மாதிரி குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தால் 2. உள்சவ்வு கழன்று தண்ணீரில் அல்லி இலை போல மிதந்தால் 3அ. பாதி கெட்டியாகி, அந்தக் கெட்டிக்குள் குட்டிக் கட்டிகள் புதைந்திருந்தால் 3ஆ. முழுக்கக் கெட்டிப்பட்டு, குட்டிகள் எதுவும் இல்லாவிட்டால் 4. சுவரில் சுண்ணாம்பு ஏறிவிட்டால் 5. ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையென்றால், கல்லீரல் ஸ்கேனில் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டிடம் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து எழுதி வாங்குங்கள். சில நூறு ரூபாய் செலவுதான். லட்சங்கள் செலவாகும் முடிவு அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு சிகிச்சை

4, 5 என்று வந்தால் பெரும்பாலும் புழு செத்துவிட்டது, அல்லது சாகும் நிலையில் இருக்கிறது என்று பொருள். தொந்தரவு இல்லாதவரைக்கும் அதைத் தொடவே வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் நிபுணர்களின் ஒருமித்த கருத்து. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போன ஒரு பெரியவருக்குக் கல்லீரலில் சுண்ணாம்பு ஏறிய பழைய கட்டி தென்பட்டது. மகன்கள் நகையை அடகு வைத்து ஆப்பரேஷனுக்குப் பணம் திரட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் சீஃப் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "நகையப் போய் மீட்டுடுங்க, அடுத்த வருஷம் ஒரு ஸ்கேனோட வாங்க" என்றார். அந்தப் பெரியவர் ஏழு வருடம் வந்துகொண்டிருந்தார். கட்டி அப்படியே இருந்தது.

மாத்திரை

1 அல்லது 3அ பருவத்தில் 5 செ.மீ.க்குக் குறைவான கட்டி என்றால் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை மட்டுமே பலருக்குப் போதும். ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 10 முதல் 15 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, மாதக்கணக்கில். வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால்தான் ரத்தத்தில் ஏறும். நடுவில் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும், சிலருக்கு முடி கொட்டும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடாது. 9 செ.மீ. தேன்கூட்டுக் கட்டிக்கு மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. ஆனால் ஊசியோ ஆப்பரேஷனோ எதுவானாலும் முன்னும் பின்னும் இந்த மாத்திரை துணைக்கு வந்தே ஆக வேண்டும். சிந்திய துளி முளைக்காமல் இருக்க அது ஒரு காவல்.

ஊசி

ஆங்கிலத்தில் பேர் (PAIR) என்கிற முறை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கல்லீரல் வழியாக ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி நீரை உறிஞ்சுவார்கள். புழுவைக் கொல்லும் திரவத்தை, அதாவது 20 சதவீத உப்புக் கரைசலையோ ஆல்கஹாலையோ உள்ளே விட்டு, பதினைந்து நிமிடம் போல வைத்திருந்து, மறுபடி உறிஞ்சி எடுப்பார்கள். ஸ்ரீநகரில் குரூவும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுவது. 50 நோயாளிகள். 25 பேருக்கு ஊசியும் அல்பெண்டசோலும், 25 பேருக்கு ஆப்பரேஷன். மருத்துவமனையில் தங்கியது சராசரியாக ஊசிக்காரர்கள் 4.2 நாள், ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் 12.7 நாள். சிக்கல் வந்தது 32 சதவீதம் பேருக்கும் 84 சதவீதம் பேருக்கும். யாரும் இறக்கவில்லை.

இந்த எண்களைப் பார்த்தால் எல்லோருக்கும் ஊசியே போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஊசி ஒற்றை அறைக் கட்டிக்கு உரியது. தேன்கூட்டில் ஒரு அறையைக் காலி செய்தால் மற்ற நாற்பது அறைகள் அப்படியே இருக்கும், கட்டி திரும்பிவிடும். அதனால் 2, 3ஆ பருவங்களுக்குச் சாதாரண ஊசி முறை கூடாது. கட்டிக்குள் பித்தம் கசிந்தால் மருந்தை உள்ளே விடவே கூடாது, பித்தக்குழாய்கள் வெந்து சுருங்கிவிடும். உறிஞ்சிய நீர் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறதா, மஞ்சள் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

இதில் எனக்குச் சொந்த வலி ஒன்று உண்டு. என் அத்தைக்குக் காய்ச்சலோடு கல்லீரலில் கட்டி என்றதும், நம் ஊரில் அதிகம் பார்க்கும் அமீபா சீழ்க்கட்டியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, ஒரு சிறிய மருத்துவமனையில் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஊசியைக் குத்திவிட்டார்கள். வந்தது சீழ் இல்லை, தெளிந்த தண்ணீர். ஐந்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடிப்பு, பத்தாவது நிமிடம் நாடி கிடைக்கவில்லை. பக்கத்து தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் இருந்ததால் பிழைத்தார். ஆனால் இரண்டரை வருடம் கழித்து வயிறு முழுக்கத் திராட்சைக் கொத்து மாதிரிக் கட்டிகள். இரண்டு முறை பெரிய ஆப்பரேஷன் ஆயிற்று. ஊசி போடும் அறையில் கடும் அலர்ஜிக்குக் கொடுக்கும் அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்ச் தட்டில் தயாராக இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் நிற்கிறாரா என்று கேளுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

கத்தி: சுரண்டுவதும் தோலோடு எடுப்பதும்

குட்டிக் கட்டிகள் நிறைந்த பெரிய கட்டி, வெடிக்கும் நிலையில் மேலாக இருக்கும் கட்டி, சீழ் பிடித்தது, பித்தக்குழாயில் திறந்துகொண்டது, பக்கத்து உறுப்பை நெருக்குவது, இவற்றுக்கெல்லாம் ஆப்பரேஷன்தான். அதில் இரண்டு வழிகள்.

ஒன்று, நுங்கின் தலையைச் சீவிவிட்டு உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுப்பது. வெளித் தோலின் பெரும்பகுதி கல்லீரலிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். தியேட்டரில் இதைப் பலமுறை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். கட்டியைச் சுற்றிலும் மருந்தில் நனைத்த துணிகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவோம். சவ்வு போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் உறிஞ்சும் குழாய் இரண்டு தயாராக இருக்கும். முதலில் நீரை இழுத்து, மருந்தை விட்டுக் காத்திருந்து, பிறகு திறப்பார்கள். வெள்ளைச் சவ்வு வழுக்கிக்கொண்டு கிட்னி ட்ரேயில் வந்து விழும். பின்னாலேயே குட்டிக் கட்டிகள், உரித்த பன்னீர் திராட்சை போல ஒவ்வொன்றாக. எல்லாம் எடுத்த பிறகு சர்ஜன் ஒரு வெள்ளைத் துணியைக் குழிக்குள் வைத்து அழுத்துவார். தியேட்டரில் யாரும் பேசமாட்டோம். சில நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் துணியில் மஞ்சள் புள்ளி தெரியும், அல்லது தெரியாது. தெரிந்தால் அந்த இடத்தில் பித்தக்குழாயின் வாய் திறந்திருக்கிறது, தேடித் தையல் போட வேண்டும். கடைசியில் வயிற்றுக்குள் உள்ள கொழுப்புத் திரையை இழுத்து அந்தக் குழியில் அடைத்துவிடுவார்கள்.

இரண்டாவது வழி, தோலோடு சேர்த்து முழு நுங்கையும் உடையாமல் எடுப்பது, அல்லது கட்டி இருக்கும் கல்லீரல் பகுதியையே வெட்டி எடுப்பது. குழி மிஞ்சாது. அதனால் பித்தக் கசிவு குறைவு, குழியில் சீழ் பிடிக்காது, திரும்ப வருவதும் சுரண்டும் முறையைவிடக் குறைவு என்றுதான் பல நாட்டு மருத்துவமனைகளின் அனுபவம் சொல்கிறது. ஆனால் தோலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கட்டியில் தோலை உரிக்கப் போனால் புழுவைவிடப் பெரிய ஆபத்தை வரவழைத்துக்கொண்ட கதையாகிவிடும். இது புற்றுநோய் கிடையாது, உயிரைப் பணயம் வைத்து கடைசி இழை வரை எடுக்கத் தேவையில்லை.

என் கருத்தைக் கேட்டால், கட்டி கல்லீரலின் ஓரத்தில் இருந்து, கல்லீரல் ஆப்பரேஷனையே தொழிலாகச் செய்யும் சர்ஜன் கிடைத்தால், தோலோடு எடுப்பதற்கே என் ஓட்டு. கட்டி நடுவில், பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் சுரண்டும் முறை. எப்போதாவது ஒரு ஹைடாடிட் பார்க்கும் மருத்துவமனையில் தோலோடு எடுக்கப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. சென்னைவாசிகளுக்கு இந்த விஷயத்தில் குறை ஒன்றுமில்லை. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வடசென்னையில் ஸ்டான்லியிலும் இதற்கென்றே குடல், கல்லீரல் அறுவைசிகிச்சைத் துறை இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போவதானால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அங்கே இந்த ஆப்பரேஷனுக்குச் செல்லுமா என்று காப்பீட்டு கவுண்டரில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வரலாம். லேப்பராஸ்கோப்பியில் வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், எல்லாம் உண்மை. பழைய பயம், வாயு ஏற்றிய வயிற்றில் கட்டி நீர் சிந்திப் பரவுமே என்பதுதான். கோயம்புத்தூர் சர்ஜன் பழனிவேலு இதற்காகவே ஒரு தனிக் குழாயை வடிவமைத்தார். அது உறிஞ்சு விசையால் கட்டியின் மேல் கவ்விக்கொள்ளும், சிந்துவதை அந்தக் குழாய்க்குள்ளேயே இழுத்துவிடும். நம் ஊர்க்காரர் செய்தது என்று எனக்கு அதில் பெருமை உண்டு. மேலாக இருக்கும் கட்டிக்கு, இதில் கை பழகிய சர்ஜனிடம், லேப்பராஸ்கோப்பி நல்ல வழி. கல்லீரலின் பின்பக்கத்தில் ஆழமாக இருப்பது, சுண்ணாம்பு ஏறித் தடித்தது, பித்தக்குழாயில் திறந்தது, ஏற்கெனவே ஆப்பரேஷன் ஆன வயிறு, இவற்றுக்குத் திறந்து செய்வதே பாதுகாப்பு. ஓட்டையோ கீறலோ, உள்ளே நடப்பது அதே வேலைதான். தழும்பின் நீளத்தை வைத்து முடிவெடுத்தவர்கள் பிறகு வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆப்பரேஷனுக்குப் பின் இறப்பு சராசரியாக 2.2 சதவீதம், சிகிச்சைக்குப் பின் திரும்ப வருவது சுமார் 6.5 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடத்துக்கும் கைக்கும் ஏற்ப இது கூடும், குறையும்.

எண்களைவிட வார்டில் குடும்பங்களைப் பயமுறுத்துவது டிரெயின் பைதான், அதாவது ஆப்பரேஷன் செய்த இடத்தில் ஊறும் நீர் குழாய் வழியாக வெளியே வந்து சேரும் பை. முதல் இரண்டு நாள் ரத்தம் கலந்த தண்ணீர் வரும். பிறகு வெளிறிய மஞ்சளாகி நிற்க வேண்டும். அது பச்சையோ அடர் மஞ்சளோ ஆனால் பித்தம் கசிகிறது. "ஆப்பரேஷன் ஃபெயில்" என்று அழுவார்கள். இல்லை. பெரும்பாலான கசிவு தானாகவே சில வாரத்தில் வற்றிவிடும். அளவு குறையாவிட்டால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு, பித்தக்குழாயின் வாயைச் சற்றுத் திறந்து ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். பித்தம் சுலபமான பாதையில் குடலுக்கு இறங்கியதும் கசிவு நிற்கும். பையோடு வீட்டுக்குப் போனவர்களிடம் ஒரு நோட்டு வாங்கி, தினமும் காலையில் அளவையும் நிறத்தையும் எழுதச் சொல்வேன். குளிர்காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ நோட்டோடு உடனே வர வேண்டும்.

இன்னொன்று. ஆப்பரேஷன் முடிந்து வருடங்கள் ஆனாலும் ஹைடாடிட் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டலாம். அதை மட்டும் பார்த்துத் திரும்ப வந்துவிட்டது என்று உடைந்துபோக வேண்டாம். ஸ்கேன்தான் பேச வேண்டும். குறைந்தது ஐந்து வருடம் ஸ்கேனை விடக்கூடாது.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மறு ஸ்கேனில் வந்த எண் 2. பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் படத்தில் பித்தக்குழாய்த் தொடர்பு தெரியவில்லை. கட்டி வலது மடலின் கீழ் ஓரத்தில். ஊசி சொன்னவரிடம் எண்ணைக் காட்டியதும், "அப்ப ஊசி வேணாம்மா" என்று அவரே நேர்மையாகச் சொல்லிவிட்டார். மீதி இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லி அனுப்பினேன்: "தோலோடு எடுக்க முடியலைன்னா என்ன செய்வீங்க?" முடியாத இடத்தில் தோலின் ஒரு துண்டை விட்டுவிட்டு வருவேன் என்று விளக்கமாகப் பதில் சொன்னவர் மூன்றாமவர். அவரிடமே போனார்கள்.

அல்பெண்டசோல் ஆரம்பித்து, ஆவணியில் ஆப்பரேஷன் நடந்தது. சர்ஜன் சொன்னபடியே, ரத்தக்குழாயில் ஒட்டியிருந்த இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோலை விட்டுவிட்டு மீதியை முழுசாக எடுத்தார். நான்காம் நாள் டிரெயினில் வந்தது வெளிறிய தண்ணீர். எட்டாம் நாள் வீடு. ஆறு மாத ஸ்கேன் சுத்தமாக வந்தது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சமையலறைக் காலண்டரில் அடுத்த ஸ்கேன் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார் அந்த அம்மா. பக்கத்தில் அடுப்பு மேடையில் முளைக்கீரைக் கட்டு ஒன்று மூன்றாவது தண்ணீரில் அலசுவதற்காகக் காத்திருந்தது.